கூவம் கரையில் ஒன்றுக்கு ஒன்று

இந்தியாவின் முதல் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருப்பீர்கள். 3 எஞ்சின், 14 பெட்டி, 400 விருந்தினர், 21 பீரங்கி முழக்கம். பம்பாய்க்காரர்கள் எதையும் சத்தமில்லாமல் செய்ததில்லை. அதற்கு 17 வருஷம் முன்பே, 1836-இல், நம் சிந்தாதிரிப்பேட்டை பாலத்தருகே தண்டவாளம் போட்டாயிற்று. பீரங்கி கிடையாது. எஞ்சினும் கிடையாது. சரி, பாதை எந்த ஊருக்குப் போயிற்று என்று கேட்காதீர்கள். எந்த ஊருக்கும் போகவில்லை.

துண்டுத் தண்டவாளம், அதன்மேல் ஒரு வண்டி, வண்டி நிறையக் கல். ஓர் ஆள் ஒரு கையால் தள்ளினால் வண்டி லேசான மேட்டில் ஏறும். கையை எடுத்தால் தன் பாரத்திலேயே உருண்டு திரும்பி வரும். மறுபடி தள்ளலாம். இரும்புப் பாதையில் எவ்வளவு கொஞ்ச உழைப்புக்கு எவ்வளவு சுமை நகரும் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு. போய்ப் பார்க்கத் தகுந்த சங்கதி என்று மே மாதம் மதராஸ் பத்திரிகையே எழுதியது. கும்பெனி துரைமார்கள் குடையும் கையுமாக வந்து, கல் மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்துத் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் இது 1734-இல் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை. நாள் முழுக்கத் தறியில் நாடா போய்ப் போய் வருவதைப் பார்த்த ஜனங்களுக்கு, அதே வேலையைக் கல்வண்டி செய்வதில் என்ன அதிசயம் இருந்திருக்கும்?

இந்த ஊரின் முதல் மாடல் ரயில் அதுதான் என்கிறேன். மாடல் ரயில் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்கள் வீட்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

உலகமெங்கும் அதிகமாக விற்பது எச்.ஓ. ஸ்கேல். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ., அதாவது ஐரோப்பிய அகலம். நம் பிராட்கேஜ் 1,676. அன்றைய கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு 6 அடி வேண்டும் என்றார், பேரம் 5 அடி 6 அங்குலத்தில் படிந்தது. அந்த அகலத்துக்கு எச்.ஓ.வில் 19.3 மி.மீ. தண்டவாளம் வேண்டும். அது கடையில் கிடைக்காது. ஆகவே நம்மவர் எஞ்சினின் வண்ணத்தை, எண்ணை, கூரைமேல் இருக்கும் கம்பியைக்கூட அச்சு அசலாகச் செய்துவிட்டு, 16.5-இல் ஓட்டுகிறார். நிஜக் கணக்கில் ஒரு சாணுக்கும் மேலே உதைக்கிறது. கேட்டால், ஓடும்போது தெரியாது சார் என்பார்.

வெள்ளைக்காரன் கதை இதைவிட மோசம். இங்கிலாந்து எஞ்சின்கள் சற்றுக் குள்ளம். அந்தக்கால மோட்டார் உள்ளே நுழையவில்லை. மோட்டாரைச் சிறிதாக்க முடியாமல் எஞ்சினைப் பெரிதாக்கினார்கள். மேலே 76-இல் ஒன்று, கீழே பழைய 16.5 மி.மீ. தண்டவாளமே. இதற்கு ஓ.ஓ. என்று பெயரும் வைத்தார்கள். 18.83 மி.மீ. இருந்தால்தான் சரி என்று அங்கே ஒரு கூட்டம் தானே தண்டவாளம் போட்டுக்கொள்கிறது. மற்றவர்கள் அவர்களை விருந்துக்குக் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம்.

அகலத்துக்கு இத்தனை சண்டை போடுகிறவர்கள் நீளத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட பாதை சுமார் 100 கிலோமீட்டர். எச்.ஓ.வில் அதற்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். எந்தத் தி.நகர் பிளாட்டில் அவ்வளவு பெரிய ஹால்? அதனால் அரக்கோணத்தில் கிளம்பிய ரயில் சோபாவைச் சுற்றுவதற்குள் வாலாஜா வந்துவிடுகிறது.

சிந்தாதிரிப்பேட்டையில் தண்டவாளம் ஒன்றுக்கு ஒன்று, கல் ஒன்றுக்கு ஒன்று, தள்ளினவனின் வியர்வையும் ஒன்றுக்கு ஒன்று. எந்த மாடல்காரராலும் சுருக்க முடியாத எடைகூட அங்கே அசல். குறைந்தது நீளம் மட்டும்தான். அந்தக் குற்றத்தைத்தான் எல்லாரும் செய்கிறார்களே.

அடுத்த வருஷமே செங்குன்றம் பக்கம் சாலைக்குக் கல் ஏற்ற நிஜப் பாதை வந்தது. போட்டவர் ஆர்தர் காட்டன். அதே சமயத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு அணையும் கட்டிக்கொண்டிருந்த மனிதர். கடைசியில் தண்ணீர்தான் ஜெயித்தது. ரயில் எதற்கு, கால்வாய் வெட்டிப் படகு விடுங்கள், செலவு குறைவு என்று பிற்காலத்தில் பார்லிமெண்ட் கமிட்டி வரைக்கும் போய் வாதாடினார். ரயிலை முதலில் கொண்டுவந்தவரே ரயிலுக்கு எதிர்க்கட்சி!

1995 முதல் சிந்தாதிரிப்பேட்டைக்கு மேலே பறக்கும் ரயில் போகிறது, பிராட்கேஜில். மாடல் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை எச்.ஓ.வில் செய்தால் தண்டவாளத்தை நீங்களேதான் போட வேண்டும். சோம்பேறியாக இருந்தால் சென்னை மெட்ரோவைச் செய்யுங்கள். அதன் அகலம் 1,435 மி.மீ. கடைத் தண்டவாளமே பொருந்தும்.