கண்ணாடிக்குள் இருப்பது இன்னொரு ஆளா?

கேள்வி: ஒன்நோட்டில் நான் எழுதும் குறிப்புகள் வீட்டுக் கணினி, அலுவலக லேப்டாப் இரண்டிலும் தானாகவே வந்துவிடுகின்றன. தனியாக பேக்கப் எதற்கு?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கண்ணாடியில் தெரியும் உங்கள் முகம் இரண்டாவது ஆள் இல்லையே! ஒத்திசைவும் அப்படித்தான். இங்கே ஒரு பக்கத்தை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். விண்டோஸ் ஒன்நோட்டில் 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்', 'நோட்புக்' என்று போனால் முழுக் குறிப்பேடும் ஒரே கோப்பாகக் கைக்கு வரும். அதை ஹார்டு டிஸ்கில் ஒன்று, அம்மா வீட்டு பீரோவில் ஒன்று என வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பவே வேண்டாம். சட்டைப் பையோடு துவைக்கப் போய்விடும். பிரதிகளைப் பல இடங்களில் வைப்பதன் பலனைப் பாருங்கள்: பல ஊர்களில் ஏட்டுப் பிரதிகள் இருந்ததால்தான் உ.வே.சா. அவற்றை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பிரதி எடுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள்.