பேச்சுலர் ரூம் ஓனரின் நன்றி மடல்

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர் (மாடியில் நான்கு ரூம்), அண்ணாமலை நகர் அருகில், சிதம்பரம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மஞ்சக்குப்பம், கடலூர்.

பொருள்: ஆண் பிள்ளைகளுக்கு விடும் வாடகை ரூம்கள் – உரிமம் கேட்காமல் இருப்பது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா/அம்மா,

மனு என்றால் எதையாவது கேட்டு எழுதுவதுதான் வழக்கம். எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிறார். பாவம். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை முறைப்படுத்த 2014-இல் ஒரு சட்டம் வந்ததல்லவா, அதில் மாட்டிக்கொண்டார். உரிமம் தரவேண்டியவர் தாங்கள். கட்டட உறுதிக்கு ஒரு சான்று, தீயணைப்புக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று, சமையலறைக்கு இன்னொன்று. வாசலில் கேமரா, உள்ளே பெண் வார்டன். ஃபைலைக் கட்டிக்கொண்டு அவர் கடலூர் பஸ் ஏறும்போதெல்லாம் நான் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். இரண்டு வீட்டையும் கட்டியது ஒரே கொத்தனார். ஒயரிங் செய்ததும் ஒரே ஆள். ஆனால் என் மாடியில் இருப்பவர்கள் பையன்கள். ஆம்பளைப் பிள்ளையை நெருப்பு சுடாது என்பதைச் சட்டம் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது.

அந்தச் சட்டமும் சும்மா வந்துவிடவில்லை. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதிச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகுதான் வந்தது. வந்த பிறகும், 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்துப் பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்து உயிர்கள் போயின. சட்டம் இருக்கிற இடத்திலேயே அப்படி. என் மாடிப் பையன்களோ இதுவரை ஒரு சட்டம் வருகிற அளவுக்கு எதையும் அனுபவித்துவிடவில்லை. அதுவரை எனக்கு நிம்மதி.

ரூமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பத்து, ஆளுக்கு ஒரு பாய், ரூமுக்கு நான்கு பேர். நான்காவது ரூம் மட்டும் சிமென்ட் ஷீட் போட்டது. முந்தைய ஷீட்டை 2011-இல் ‘தானே’ புயல் கொண்டுபோய்விட்டது. கொண்டுபோன இடம் இன்னும் தெரியவில்லை. பதினாறு பேருக்கும் சேர்த்துக் கக்கூஸ் ஒன்று. காலையில் மாடிப்படியில் அவர்கள் வரிசையாக நிற்கும் ஒழுங்கை ரேஷன் கடையில்கூடப் பார்க்க முடியாது. அரசு தரும் நூறு யூனிட் இலவச மின்சாரத்தை நான் பெற்றுக்கொண்டு, சப்-மீட்டர் வைத்து யூனிட் பன்னிரண்டு ரூபாய்க்கு அவர்களுக்குக் கொடுக்கிறேன். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் சொந்தக்காரர்கள் வந்தால், பையன்கள் ரூமைக் காலிசெய்து கொடுத்துவிட்டு மொட்டை மாடியில் படுப்பார்கள். அந்த மாத வாடகையில் நான் எதையும் கழிப்பதில்லை, கணக்கு குழம்பிவிடும்.

அக்காள் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே சொந்தபந்தமில்லாத ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருந்தாலே வீட்டுக்காரர் உரிமம் வாங்கவேண்டுமாம். 2018 அக்டோபரிலிருந்து அறைக்கு அளவுகூட வைத்துவிட்டார்களாம். ஒருவர் படுக்க 6.51 சதுர மீட்டர், இருவர் படுக்க 10.22. கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பத்துக்குப் பத்து 9.29 சதுர மீட்டர்தான் வருகிறது. அதாவது ஒரே ஓர் ஆள்! இப்படிச் சட்டம் போட்டால் வீட்டுக்காரன் எப்படிப் பிழைப்பான்?

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். என்னிடம் ஒப்பந்தம் கேட்ட ஒரே பையன் சட்டம் படித்தவன். அடுத்த மாதமே வேறு ரூம் பார்த்துக்கொண்டான். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று அதற்கு முன்னாலேயே போட்டிருக்கிறார்கள். அந்த வரியை எழுதியவர் வாடகை வீட்டில் இருந்தவராக இருக்க முடியாது. பத்து மாதம் கேட்கிறேன், ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களை மாடி ஏறவிடுவதில்லை.

இதற்காக எங்கள் ஊரில் உரிம முறையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இருக்கிறது, கொடுப்பவர்கள் நாங்கள். குடிவருகிற பையன் வாசலில் நிற்க, நான் திண்ணையில் அமர்ந்து நேர்காணல் நடத்துவேன். அப்பா என்ன செய்கிறார்? குலதெய்வம் எது? கறி சமைப்பாயா? முன்பெல்லாம் “ஊரா, காலனியா?” என்று ஒரே கேள்வியில் வேலை முடிந்துவிடும். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். அரசு சொன்னால் நானும் கேட்பேன். இப்போது “உங்கள் பஸ் ஸ்டாப் பெயர் என்ன தம்பி?” என்று மரியாதையாகவே கேட்கிறேன். பதில் சரியில்லையென்றால், “இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். தங்கள் அலுவலகத்தில் ஓர் உரிமம் கிடைக்க எத்தனை நாளாகுமோ, என் திண்ணையில் நிராகரிப்பு இரண்டே நிமிடம்.

என் மச்சான் கடலூர் சிப்காட் பக்கம் ஷெட் போட்டு வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு விட்டிருக்கிறார். அவர் என்னையும் மிஞ்சிவிட்டார். பகல் ஷிஃப்ட் ஆள் எழுந்ததும் இரவு ஷிஃப்ட் ஆள் அதே பாயில் படுக்கிறார். வாடகை இருவரிடமும் முழுசாக. அவரும் தங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
வீட்டுக்காரர்

பி.கு.: நேற்று ஒரு தம்பி ரூம் கேட்டு வந்தார். தங்கள் அலுவலகத்தில்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாராம், கல்யாணமாகவில்லை. உத்தரவு நகலைக் காட்டினார். அரசு உத்தியோகம் என்பதால் எட்டு மாத அட்வான்ஸ் போதும் என்றேன். பஸ் ஸ்டாப் பெயரை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதைக் கொஞ்சம் விசாரித்துத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.