தாய்ப்பத்திரம் பார்த்தீர்களா?

அனுப்புநர்: பத்திர எழுத்தர் ஒருவர், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்து, திருவண்ணாமலை.
பெறுநர்: நிர்வாகத்தார் அவர்கள், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம், கான்பெரா.
பொருள்: வேலை வேண்டி விண்ணப்பம்.

ஐயா / அம்மா,

முப்பது வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். கிரிவலப் பாதை ஓரமாக மனை தேடி வருகிறவர்கள் என் பெஞ்சில் ஒருமுறையாவது உட்கார்ந்துதான் போவார்கள். மலை தெரிகிற மனைக்கு ஒரு விலை, கோபுரமும் சேர்ந்து தெரிந்தால் வேறு விலை. ஆனால் எது தெரிந்தாலும், தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒருவரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. பட்டா, சிட்டா, முப்பது வருடத்து வில்லங்கச் சான்று, பாட்டன் போய்ச் சேர்ந்திருந்தால் வாரிசுச் சான்று. அத்தை கையெழுத்துப் போட முரண்டு பிடித்தால் அத்தை வீட்டுக்கு நாலு நடை. வெறும் மூன்று சென்ட் நிலத்துக்கு இவ்வளவும்.

நீங்கள் 2008-ல் ஒரு நடராசரை வாங்கினீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில்காரர், சோழர் காலத்தவர். விற்றவர் நியூயார்க் கடைக்காரர் சுபாஷ் கபூர். கிரையம் 50 லட்சம் அமெரிக்க டாலர். அவர் காட்டிய தாய்ப்பத்திரம் என்ன? 1968 முதல் 1971 வரை தில்லியில் இருந்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் இதை வாங்கிப் போனார் என்று, அவர் மனைவி பெயரில் ஒரு கடிதம்.

சூடான்! தொழில் தெரிந்தவர் வேலை, ஐயா. சாட்சி எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் போலிப் பத்திரத்தின் அரிச்சுவடி. எங்கள் பக்கத்து ஆட்கள் போளூர், செய்யாறு என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். வருடத்தையும் கணக்குப் பார்த்தே போட்டிருக்கிறார்: இங்கே தொல்பொருள் சட்டம் வந்தது 1972-ல், அதற்குள் சுவாமி புறப்பட்டாயிற்று.

கோயிலில் திருட்டு நடந்தது 2006-ல் என்கிறது போலீஸ். அப்படியானால் நடராசர் சூடான்காரரோடு போய், மனசு கேட்காமல் ஊருக்குத் திரும்பி, மறுபடியும் களவு போயிருக்க வேண்டும். இதை நாங்கள் டபுள் டாக்குமெண்ட் என்போம்.

வில்லங்கம் பார்க்க வழியில்லாமலும் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து நம் கோயில் சிலைகளைப் படமெடுத்து அடுக்கி வைத்திருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். பஸ் செலவும் டீக்காசும் அனுப்பியிருந்தால் நானே போய்ப் பார்த்துச் சொல்லியிருப்பேன். ஆதாரம் போதாது என்று வாங்குமுன்பே உங்கள் வக்கீல் எச்சரித்ததாகப் பின்னால் செய்தி வந்தது. அவருக்கு ஃபீஸாவது ஒழுங்காகக் கொடுத்தீர்களா?

எங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2002-ல் மத்தியத் தொல்லியல் துறை, அண்ணாமலையார் கோயிலையே தன் பொறுப்பில் எடுக்க அறிவிக்கை போட்டது. ஊர் பொறுக்கவில்லை, அறிவிக்கை வந்த வழியே திரும்பிப் போனது. மத்திய அரசுக்கே பெயர் மாற்றித் தராத ஊரிலிருந்து விண்ணப்பிக்கிறேன் என்பதைக் கருத்தில் கொள்ளவும்.

கபூரை 2011-ல் ஜெர்மனியில் பிடித்தார்கள். 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் வேறொரு கோயில் சிலை வழக்கில் பத்து வருடம் போட்டது. 2014 செப்டம்பரில் உங்கள் பிரதமர் டோனி அபாட் தில்லிக்கு வந்து நடராசரை ஒப்படைத்தார். நடராசரையும் அதே கும்பகோணம் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தி, அரசின் சிலைக் காப்பகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒற்றைக் கடிதத்தோடு கான்பெராவில் குடியேறியவர், சொந்த மண்ணில் வழக்குச் சொத்து.

சம்பளம் வேண்டாம். கிரையத்தில் நூற்றுக்கு இரண்டு, எங்கள் ஊர் வழக்கம்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர்.

இணைப்பு: ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், புகைப்படம் இரண்டு, எனக்குச் சாட்சிக் கையெழுத்து இரண்டு. அசல் வேண்டுமென்றால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.