செம்பூர்க் கைக்கிளை: 'பையா' என்னும் சொல் குறித்த ஆய்வு

அகத்திணை ஏழு என்றார் தொல்காப்பியர். அவற்றுள் நான்குக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார். பாலைக்கு இளங்கோவடிகள் பின்னால் வந்து ஓர் ஏற்பாடு செய்தார். ஒருதலைக் காதலான கைக்கிளைக்கோ இன்றுவரை ஒரு சென்ட் நிலம் கிடையாது. மும்பை ஹார்பர் லைனில் செம்பூர் முதல் குர்லா வரையுள்ள பகுதியை அதற்குப் பட்டா போட்டுத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப்பொருள்: மாதுங்காவில் படித்த பத்தாம் வகுப்பு மாணவன் 'அ'. காலம் 1995, பம்பாய் மும்பையான ஆண்டு. பொழுது காலை 7.12.

கருப்பொருள் வருமாறு: தெய்வம், ரஜினி. உணா, வடாபாவ். மா, எருமை. புள், காக்கை. பறை, கணபதி ஊர்வல டோல். யாழ், பக்கத்து வீட்டு டேப்ரிக்கார்டர். செய்தி, டியூஷனுக்குப் போதல். மரம் இல்லை; சாய்ந்து நிற்க சிக்னல் கம்பம் இருந்தது.

நடை, உடை, பாவனை: பரிதாபம். (காண்க: பள்ளி குரூப் போட்டோ, பின்வரிசை, தூணுக்கு வெளியே தெரியும் பாதி முகம்.)

புகழாசை: அவ்வாண்டு 'பாட்ஷா' வந்தது. ஆட்டோக்கார மாணிக்கத்துக்குப் பம்பாயில் ஒரு முன்கதை உண்டென்றால், பம்பாயிலேயே இருப்பவனுக்கு வெளியூரில் ஒரு பின்கதை காத்திருக்கத்தானே வேண்டும் என்பது மாணவனின் அனுமானம். செம்பூரில் வளர்ந்த வித்யா பாலன், அதே 1995-இல் தொடங்கிய 'ஹம் பாஞ்ச்' தொடரில் பெரிய கண்ணாடி போட்ட ராதிகாவாக நடித்து, 2005-இல் 'பரிணீதா'வின் நாயகியானார். மாணவன் 'அ'வும் கண்ணாடி போட்டிருந்தான். ஒப்புமை இத்துடன் முடிகிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். லேடீஸ் டப்பாவுக்கும் பக்கத்து டப்பாவுக்கும் நடுவே கம்பித் தடுப்பு. இந்தப் பக்கம் மாணவன்; அந்தப் பக்கம், அதே வகுப்பு 'பி' செக்ஷன் மாணவி. பதினோரு மாதம் பேச்சில்லை. மறுமொழி பெறாமல் தானே பேசிக்கொண்டு மகிழ்வது கைக்கிளையின் இலக்கணம் என்பதால் அதுவரை குறையொன்றுமில்லை. ஒரு மழைநாளில், திலக் நகர் தாண்டியதும், அவள் கம்பி வழியே கேட்டாள்:

"பையா, டைம் க்யா ஹுவா?"

(சான்று: கணக்கு நோட்டு, கடைசிப் பக்கம், அப்பா கிழித்தபின் செலோடேப் ஒட்டிய இரண்டாம் பதிப்பு.)

இங்கே 'பையா' இந்தியா, தமிழா? இந்தி என்றால் அண்ணன், திணையே கெட்டது. தமிழ் என்றால் பையன் என்பதன் விளி, வாழ்வு உண்டு. இந்தியின் கனத்த 'ப'வுக்கும் நம் 'ப'வுக்கும் தமிழில் ஒரே எழுத்து என்பதால் ஏட்டை வைத்து முடிவு செய்ய வழியில்லை. செவிவழிச் சான்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து மோட்டார்மேன் ஹாரன் அடித்தார்.

மற்ற சொற்கள் இந்தியாயிற்றே என்பது தடை. விடை: செம்பூர்த் தமிழர் எந்த வாக்கியத்தையும் ஒரே மொழியில் முடித்ததாக வரலாறு இல்லை. விளிக்கப்பட்டவன் மாணவனே அல்லன், அவன் பின்னால் நின்ற சீப்பு வியாபாரி என்பது இன்னொரு தரப்பு. (சான்று: மூன்றாம் பெஞ்சு, இடது ஓரம், காம்பஸ் முனையால் கீறிய கல்வெட்டு, வரி 2, வரி 1 வாத்தியாரைப் பற்றியது, பதிப்பிக்க இயலாது, வரி 3 சிதைவு, பியூன் சுரண்டியது.) உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உயிரோடிருந்தால் கவலையில்லை. 'மாட்டு' என்று சொல்லி, 'பையா'வைப் பிய்த்து வியாபாரியிடமும், மீதியை மாணவனிடமும் சேர்த்திருப்பார். இக்காலப் பேராசிரியர்கள் அவ்வளவு உழைப்பதில்லை. வழிகாட்டியின் நூலை நாலு இடத்தில் மேற்கோள் காட்டினால் எந்தப் பாடத்தையும் ஏற்பார்கள்.

மாணவன் அப்பாவின் பழைய எச்.எம்.டி.யைப் பார்த்து, "ஏழு பதினஞ்சு" என்று தமிழிலேயே சொன்னான். அவள் தலையாட்டினாள். புரிந்துதான் ஆட்டினாளா, வண்டி குர்லாவில் குலுங்கி நின்றதால் ஆடியதா என்பதற்கு உரையில்லை.

அவள் கையிலும் கடிகாரம் இருந்தது என்று அதே பக்கத்தில் ஒரு வரி உண்டு. மை வேறு, கையெழுத்து பெரியவர்களுடையது. இடைச்செருகல் என்றே கொண்டிருக்கிறேன்.