உன்னைக் கொடுத்து யாரை வாங்குறாங்க?

கீழக்கரையில் ஒருத்தன் சபர் கிளம்புகிறான் என்றால் ஊருக்கு அது செய்தியே இல்லை. துபாய் என்று சொன்னால் "யாரு கம்பெனியில?" என்பார்கள். கொழும்பு என்றால் "கல்லு யாவாரமா?" என்பார்கள். ஜப்பான் என்று நான் சொன்னபோது டீக்கடையில் ஒரு மரியாதையான அமைதி நிலவியது. அடுத்து "படிக்க" என்றேன். மரியாதை போய்விட்டது, அமைதி மட்டும் இருந்தது.

"படிச்சு முடிச்சு அங்கேயே வேலையா?"

"இல்லை காக்கா. ஒரு வருஷம் இருந்துட்டுத் திரும்பி வந்து, இங்கே இதே காலேஜுல கடைசி வருஷம் படிக்கணும்."

சபுராளிகளின் ஊரில் ஒருவன் வெளிநாடு போய்விட்டு, போனபோது இருந்த அதே பெஞ்சுக்குத் திரும்பி வருவதை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. ஷார்ஜாவிலிருந்து வாப்பா போனில் கேட்டது ஒன்றுதான்: காசு நாம் கொடுக்க வேண்டுமா, அவர்கள் கொடுப்பார்களா? படிப்புக் கட்டணத்தை நம் கல்லூரிக்குக் கட்டினால் போதும், இரண்டு கல்லூரிக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கு மேல் ஜாஸ்ஸோ என்ற ஜப்பான் மாணவர் உதவி நிறுவனம் மாதம் 80,000 யென் தருகிறது என்றேன். வாப்பா நம் காசுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. "சும்மா எவனும் குடுக்க மாட்டான். என்னமோ ஈக்கிது" என்றார் கடைசியில்.

விஷயத்தின் ஆணிவேரைப் பிடித்தவர் உம்மம்மாதான். முத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பேரன் மாணவர் பரிமாற்றத்தில் போகிறான் என்றதும் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "சரி வாப்பா. உன்னைக் கொடுத்து யாரை வாங்குறாங்க?"

அங்கிருந்து ஒரு மாணவன் இங்கே வரலாம் என்றேன்.

"வந்துட்டானா?"

இந்த வருஷம் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

"அப்ப இது பரிமாற்றம் இல்லை, கடன். எழுதி வச்சிக்க."

அன்று முதல் எங்கள் வீட்டில் ஜப்பானுக்கு ஒரு கணக்கு திறக்கப்பட்டது.

அக்டோபரில் கோபே போய்ச் சேர்ந்தேன். பதினான்கு நாளுக்குள் வட்ட அலுவலகத்தில் முகவரியைப் பதிந்ததையும், காப்பீடு எடுத்ததையும், வங்கிக் கணக்குக்காக அலைந்ததையும் விட்டுவிடுகிறேன். அரசு அலுவலக வரிசைகளைப் பற்றித் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குப்பையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கீழக்கரையில் குப்பைக்கு ஒரே விதிதான்: நம் வாசலைத் தாண்ட வேண்டும். கோபேயில் எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், புட்டி என்று தனித்தனியே பிரித்து, மாநகராட்சிப் பையில் கட்டி, அதற்குரிய கிழமையில் காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். தவறான பையை எடுக்காமல் அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போவார்கள். திட்டி எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு பணிவாக எழுதியிருந்தது.

சாப்பாடு வேறு கதை. நான் முதலில் படித்த ஜப்பானிய எழுத்து பன்றியைக் குறிக்கும் எழுத்து. அது ரொட்டியில் கொழுப்பாக, சூப்பில் சாறாக, உருளைக்கிழங்கு வறுவலில் தூளாக எங்கும் மறைந்திருந்தது. பன்றி இல்லாத இடத்தில் மிரின் என்ற இனிப்பு மது இருந்தது. பொட்டலத்தின் பின்பக்கத்தை நான் படித்த அளவுக்குப் பாடப்புத்தகத்தைப் படித்திருந்தால் பேராசிரியர் மகிழ்ந்திருப்பார். மிஞ்சியது மீன். மன்னார் வளைகுடாக்காரனுக்கு மீன் போதும் என்று தைரியமாகச் சூப்பர் மார்க்கெட்டின் மீன் பக்கம் ஒதுங்கினேன்.

அங்கேதான், குளிர்காலத்தின் ஒரு மாலையில், கடல் அட்டையைப் பார்த்தேன்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டையைச் சேர்த்தார்கள். அந்த அட்டவணையில்தான் புலியும் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்துக்கு அது நிரந்தர வாசகர் விருப்பம்: இலங்கைக்குக் கடத்த முயன்ற அட்டை பறிமுதல், மூட்டைகள், மூட்டைகளுக்குப் பின்னால் விறைப்பாக நிற்கும் அதிகாரிகள். நம் ஆட்கள் அதைப் பிடிப்பார்கள், அவிப்பார்கள், காயவைப்பார்கள், அதற்காகச் சிறைக்கும் போவார்கள். ஒருவரும் தின்ன மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்டது கோபேயில் வெள்ளைத் தட்டில், மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள், விலைச்சீட்டோடு படுத்திருந்தது. கூடவே ஊற்றிக்கொள்ள வினிகர். நான் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். ஒரு பாட்டி இரண்டு தட்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டு முள்ளங்கி பார்க்கப் போனார். சற்று நேரத்தில் கடைப் பையன் வந்து மஞ்சள் சீட்டு ஒட்டினான். என் மாவட்டத்தில் வக்கீல் வைக்க வேண்டிய பொருளுக்கு இங்கே இரவு எட்டு மணிக்கு மேல் பாதி விலை.

படம் எடுத்து ஊரில் இருக்கும் கூட்டாளிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "டேய், அழிச்சிடு! என் போனுக்கும் வந்திடுச்சு!"

ஆய்வகத் தோழன் ஒருவன் அந்த அட்டையை மெல்லிசாக நறுக்கிக் கொடுத்தான். நாங்கள் இஸ்லாத்தில் ஷாஃபி சட்ட வழிக்காரர்கள். கடலுக்குள்ளேயே வாழ்வது எங்களுக்குப் பெரும்பாலும் ஆகும். மார்க்கம் விட்டுவிட்டது, வனத்துறைதான் தொண்டையில் நின்றது. ருசி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. சைக்கிள் டியூபை வினிகரில் ஊறப்போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. இதற்காகவா பாக் நீரிணையில் படகு துரத்தினோம் என்று எனக்கே வருத்தமாகிவிட்டது. உம்மம்மாவிடம் சொன்னபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போனுல பேசாதே. இதைக் கணக்குல எழுத வேணாம்."

ரமலான் வந்தது. கோபே பள்ளிவாசல் 1935-இல் கட்டப்பட்டது. ஜப்பானின் முதல் பள்ளிவாசல். இந்திய வியாபாரிகளும் தாத்தாரிய முஸ்லிம்களும் காசு போட்டுக் கட்டியது. 1945-இல் குண்டுகள் விழுந்து சுற்றுப்புறம் எரிந்தபோதும், 1995 நிலநடுக்கத்தில் நகரம் சரிந்தபோதும் அது நின்றது. இதைக் கேட்ட உம்மம்மா, "இந்திய யாவாரின்னா நம்ம ஊர்க்காரன் ஒருத்தனாவது இல்லாமலா இருப்பான்?" என்றார். ஆதாரம் இல்லை என்றேன். வரவில் எழுதச் சொல்லிவிட்டார்.

நோன்பு திறக்க ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் நோன்பு மாதம் என்றால் கஞ்சிக்குப் பக்கத்தில் கடல்பாசி இருக்கும். பாலும் சீனியும் ரோஸ் எசன்ஸும் சேர்த்து, உறைந்ததும் டைமன் வெட்டில் துண்டு போட்டது. ஊரிலிருந்து எடுத்து வராமல் போனோமே என்று கவலைப்பட்டுக் கடைக்குப் போனால், ஒரு அலமாரி முழுக்கக் கடல்பாசி: குச்சியாக, தூளாக, இழையாக. கான்டென் என்கிறார்கள். 1658 வாக்கில் கியோட்டோ பக்கம் ஒரு விடுதிக்காரர் மிச்சமான பாசிக்கூழை வெளியே கொட்ட, அது குளிர்கால இரவில் உறைந்து, பகலில் காய்ந்து, பிறகு கொதிக்கவைத்தபோது முன்னைவிட நன்றாக உறைந்தது என்று கதை சொல்கிறார்கள். நம் நோன்புப் பண்டத்தின் மூலப்பொருள் ஒரு ஜப்பான்காரர் கொட்டிய மிச்சம் என்பதை உம்மம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சொன்னேன். அவர் அசரவில்லை. "பாசி எங்கேயிருந்து வருது? இங்கே நம்ம பொம்பளைங்க தீவுப் பக்கம் முங்கி எடுக்குறாளுவளே, அது என்ன?" அதுவும் சரிதான். எங்கள் ஊரையொட்டிய கடற்கரைக் குப்பங்களின் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதே பொருள்தான் எடுக்கிறார்கள். அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவானது 1986-இல். அதிலிருந்து அவர்களுக்கும் வனத்துறைக்கும் தீராத வழக்கு.

கணக்கில் பெரிய பற்று ஒன்று பாக்கி இருந்தது: முத்து. 1893-இல் தோபா என்ற ஊரில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். முதலில் விளைந்தது அரைவட்ட முத்து. முழு உருண்டை வர இன்னும் சில வருஷம் ஆனது. 1920-களில் வளர்ப்பு முத்து உலகச் சந்தையில் கொட்டியது. வளைகுடா நாடுகளின் முத்து வியாபாரம் படுத்தது. எங்கள் பக்கம் முழுப் பழியையும் அவர்மேல் போடுவது நியாயம் இல்லை. மன்னார் வளைகுடாவில் சிப்பிப் படுகைகளே கைவிட்டுவிட்டன, தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். ஆனால் உம்மம்மாவின் குடும்பத்தில் நியாயம் பேசுகிறவர்களுக்குச் சோறு கிடைக்காது. "அந்த ஊருக்குப் போய் என்னதான் பண்ணுறான்னு பார்த்துட்டு வா" என்று உத்தரவு.

போனேன். தோபாவில் மிக்கிமோட்டோவின் தீவே இப்போது அருங்காட்சியகம், கடை, வேடிக்கை எல்லாம். வெள்ளை உடையில் அமா பெண்கள் கடலில் முங்கி எழுந்து சீழ்க்கை மாதிரி மூச்சு விடுகிறார்கள், பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். முங்கி எடுப்பதற்கு நுழைவுச்சீட்டு விற்கலாம் என்பது எங்கள் கடற்கரையில் யாருக்கும் தோன்றவில்லை. நான் முத்துச் சலாபக் கடலிலிருந்து வருகிறேன் என்று கூட வந்த தோழன் ஒரு பணியாளரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டான். அவர் கண்கள் விரிய, "நீங்களும் முங்குவீர்களா?" என்று கேட்டார். எங்கள் முன்னோர் கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து சிப்பியை எண்ணியவர்கள், முங்கியவர்கள் வேறு ஆட்கள் என்பதை என் ஜப்பானிய மொழியில் சொல்ல முடியவில்லை. குனிந்து வணங்கி வைத்தேன். அது அங்கே எதற்கும் செல்லும்.

கடையில் ஒரு மாலையின் முன் நின்று உம்மம்மாவுக்கு வீடியோ போட்டேன். விலைச்சீட்டில் இருந்த பூஜ்யங்களை நான் வாசித்து முடிக்கும்வரை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு திரைக்கு மிக அருகே வந்தார்.

"போனை இன்னும் பக்கத்துல கொண்டு போ. வெளிச்சம் படாம பிடி. ம்… உருண்டை சரி. நிறம் சரி. ஆனா எல்லாம் ஒரே அளவா ஈக்கிதே, அது எப்படி?"

"வளர்க்குறாங்கல்ல உம்மம்மா, அதான்."

"அப்ப பாதி விலைக்குக் கேளு."

"இங்கே பேரம் பேசக்கூடாது."

"யாரு சொன்னா? நீ கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன்.

"கேளு. நான் லைன்லயே ஈக்கிறேன்."