ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்

குதிரை வாங்குவது என்று தீர்மானித்துவிட்ட கனவானே, முதலில் என் வாழ்த்து. வளர்க்கிறவன் இடத்துக்கே போய், லாயத்தில் நின்று, குளம்பைத் தூக்கிப் பார்த்து, கடிக்குமா உதைக்குமா என்று விசாரித்து வாங்குவதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் வேலை. உங்கள் அந்தஸ்துக்கு ஏலம்தான் சரி. அமெரிக்காவுக்குப் போங்கள். கென்டக்கி மாநிலம், லெக்சிங்டன், கீன்லாண்ட் ஏலக்கூடம். ஒவ்வொரு செப்டம்பரும் இரண்டு வாரம் போல நடக்கும். பட்டியலில் ஏறக்குறைய 4,000 குட்டிகள். 2024-இல் அங்கே கைமாறிய பணம் 40 கோடி டாலருக்கு மேல். நீங்களும் கை தூக்கலாம். தூக்கக்கூட வேண்டாம், தலையை லேசாக அசைத்தால் போதும்; அதைப் பார்த்துக் கத்துவதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் நிற்கிறார்கள்.

குட்டி உள்ளே வரும். வயது ஒன்றரை இருக்கும். தேய்த்துத் தேய்த்து உடம்பை மினுக்கி, பிடரி மயிரை ஒரே பக்கமாகப் படிய வாரி, குளம்புக்கு எண்ணெய் பூசிக் கூட்டி வருவார்கள். இடுப்பில் ஓர் எண் ஒட்டியிருக்கும். அநேகமாகப் பெயர் இன்னும் வைத்திருக்க மாட்டார்கள், எண்தான் பெயர். காதை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் மிரண்டுபோய் நிற்கும். பயத்தில் சாணி போட்டால், கோட்டும் டையும் கட்டிய கூட்டத்தின் மூக்கு சுளிக்குமுன் ஒருவர் ஓடிவந்து அள்ளிவிடுவார். அந்தக் கூடத்தில் குதிரையின் நிஜமான தேவை ஒன்றைக் கவனிக்கிற ஒரே மனிதர் அவர்தான். மேடையில் ஏலக்காரர் மூச்சுவிடாமல் பாடுவார். இரண்டு மூன்று நிமிடம். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். சுத்தியல் விழும்.

விழுந்த அந்த நொடியே குதிரை உங்களுடையது. வாசலைத் தாண்டுமுன் அது காலை ஒடித்துக்கொண்டாலும் உங்களுடையதுதான்; விற்பனை நிபந்தனைகளில் அது தெளிவாக எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் உங்களுக்குக் காட்டியிருக்கும் காகிதங்களைச் சொல்லி மாளாது. தாய் யார், தாயைப் பெற்ற தாய் யார், அவள் எந்த ஊரில் எந்தப் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தாள், முழங்கால் எக்ஸ்ரே, கணுக்கால் எக்ஸ்ரே, தொண்டைக்குள் குழாய் விட்டு எடுத்த படம். நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் இதில் பாதி விசாரித்தாலும் எத்தனையோ கல்யாணம் நின்றுபோகும். ஆனால் இந்தக் காகிதக் கட்டில் எங்கே தேடினாலும் ஒரு கேள்வி இருக்காது: பந்தயம் முடிந்தபிறகு இது எங்கே நிற்கும், யார் தீனி போடுவார்கள்? கேட்டுப் பாருங்கள். சபை நாகரிகம் தெரியாதவர் என்பதுபோல் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

விலை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2006 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் கால்டரில், ‘தி கிரீன் மங்கி’ என்று பின்னால் பெயர் வைக்கப்பட்ட இரண்டு வயதுக் குதிரை ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஒரு ஃபர்லாங்கை, அதாவது 200 மீட்டர் சொச்சத்தை, 9.8 விநாடியில் ஓடிக் காட்டியிருந்தது. அவ்வளவுதான். அயர்லாந்தின் கூல்மோர் தரப்பும் துபாய் ஷேக் முகமதுவின் தரப்பும் ஒருவரையொருவர் விடுவதாக இல்லை. 1 கோடியே 60 லட்சம் டாலரில் கூல்மோர் ஜெயித்தது. குதிரை மூன்றே பந்தயம் ஓடியது. ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. சம்பாதித்தது 10,440 டாலர். இது முதல் கூத்தும் அல்ல. 1983-இல் இதே கீன்லாண்டில் ஷேக் முகமது 1 கோடியே 2 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய ‘ஸ்னாஃபி டான்சர்’ பயிற்சியிலேயே ஆமை வேகம் காட்டியதால் ஒரு பந்தயத்துக்குக்கூட அனுப்பப்படவில்லை. சரி, பொலிக்காவது விடலாம் என்று பார்த்தார்கள். நாலே நாலு குட்டிகளோடு அதுவும் முடிந்தது. குதிரைகள்மேல் எனக்குக் கோபமில்லை. விலை கேட்டது அவை அல்லவே.

இனிப் பராமரிப்பு. உங்களைப் போன்றவர்களுக்குச் சலிப்புத் தட்டும் சில்லறை விஷயம்; இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ உலர்புல் தின்னும், 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெயில் ஏறினால் இன்னும் கேட்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து குளம்பு செதுக்கவேண்டும். தேயத் தேயப் பல் மேலேறிக்கொண்டே இருக்கும்; ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், ஆண்டுக்கொருமுறை அரம் போட்டுத் தேய்க்கவேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுச் சூலைதான்; ராத்திரி இரண்டு மணிக்குத் தரையில் புரண்டு அடித்துக்கொள்ளும், வைத்தியர் வரும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். ஏலத்திலிருந்து வந்ததை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டவேண்டும், இல்லையென்றால் ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் தொண்டைக்கட்டி நோய் லாயம் முழுக்கப் பரவும். எலும்பும் தோலுமாக வந்த குதிரையைப் பார்த்து இரக்கம் பொங்கி வாளி நிறையத் தானியம் கொட்டினீர்கள் என்றால் அந்த இரக்கமே அதைக் கொன்றுவிடும். காய்ந்து சுருங்கிய உடம்புக்கு நல்ல புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்கவேண்டும். இத்தனையும் எத்தனை காலத்துக்கு? குதிரையின் ஆயுள் 25, 30 ஆண்டு. பந்தயம் ஓடுவது இரண்டு வயதில் தொடங்கி ஐந்தாறு வயதுக்குள். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதைதான்.

பயப்படாதீர்கள். இந்தக் கணக்கிலிருந்து தப்ப வழி உண்டு, அதன் பெயரும் ஏலம்தான்.

குதிரை தோற்கத் தொடங்கியதும் கிளெய்மிங் பந்தயத்தில் இறக்குங்கள். ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே ஒரு விலை. பந்தயத்துக்கு முன் சீட்டுப் போட்டவர் பந்தயம் முடிந்ததும் பிடித்துக்கொண்டு போகலாம். இன்றைக்கு 50,000 டாலர் வரிசையில் ஓடியது, அப்புறம் 20,000, அப்புறம் 5,000. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய சொந்தக்காரருக்கு ஒரு நிம்மதிப் பெருமூச்சு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி கடைசியில் மூட்டு வீங்கி நொண்டும்போது, கீன்லாண்டில் அல்ல, பென்சில்வேனியாவின் நியூ ஹாலந்து போன்ற ஊர்களின் திங்கட்கிழமைச் சந்தையில் நிற்கும். இங்கேயும் இடுப்பில் எண் ஒட்டுவார்கள். எக்ஸ்ரே கிடையாது, பாட்டி பெருமை கிடையாது. முந்தின ராத்திரி வலிமருந்து கொடுத்திருந்தால் நொண்டல் அன்றைக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒருவர் சவாரிக்குப் பார்ப்பார், ஒருவர் ஏர் உழப் பார்ப்பார், மூன்றாமவர் எதையும் பார்க்கமாட்டார். பார்வையாலேயே எடை போடுவார். அவருக்கு அந்த வட்டாரத்தில் ‘கில் பையர்’, அதாவது கொல்ல வாங்குகிறவர், என்று பெயர். மறைத்துச் சொல்கிற வழக்கமெல்லாம் அங்கே இல்லை.

அவர் வாங்கியதன் முதுகில் அமெரிக்க வேளாண் துறையின் சீட்டு ஒட்டப்படும். அரசாங்கம் என்று ஒன்று இருப்பது அந்தக் குதிரைக்கு அப்போதுதான் நன்றாகத் தெரியவரும். லாரியில் ஏற்றினால், 28 மணி நேரம் வரை தீனி, தண்ணீர், இளைப்பாறுதல் இல்லாமல் கொண்டுபோக விதி இடம் கொடுக்கிறது. அமெரிக்க மண்ணில் குதிரைக் கசாப்பு இல்லை. டெக்சாஸில் இரண்டும் இல்லினாயில் ஒன்றுமாக இருந்த கடைசி மூன்று கூடங்களும் 2007-இல் மூடப்பட்டன. எவ்வளவு மென்மையான மனசு! மூடிய பிறகு லாரிகள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் திரும்பின. உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் எல்லை தாண்டிய குதிரைகள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். ரத்தம் பக்கத்து வீட்டு முற்றத்தில் விழுந்தால் பாவமும் அவனுக்குத்தானே.

தோற்ற குதிரைக்குத்தான் இந்தக் கதி, ஜெயித்ததை ராஜோபசாரமாக வைத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 1986-இல் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ‘ஆண்டின் சிறந்த குதிரை’. பந்தயங்களில் 37 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தது. 1994-இல் பொலிக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே கிராக்கி குறைந்ததும் 2002-இல் கசாப்புக்குப் போனது. சியாட்டில் ஸ்லூ, அஃபர்ம்ட் என்ற இரண்டு மும்மகுட வீரர்களை 1978-இல் ஒரே பந்தயத்தில் முறியடித்த எக்செல்லர், 1997-இல் சுவீடனில் அதே வழியில் போனது. சேதி வந்ததும் ஊரே கண்ணீர் வடித்தது. அந்தக் கண்ணீர் உறைந்து ஒரு திட்டமாயிற்று: நியூயார்க்கில் ‘ஃபெர்டினாண்ட் கட்டணம்’. ஓய்ந்த குதிரைகளைக் காப்பாற்ற, ஒரு பந்தயத்துக்குக் குதிரைச் சொந்தக்காரர் இரண்டு டாலர் தரலாம் என்றார்கள். கவனியுங்கள், தரலாம். விருப்பமிருந்தால். இரண்டு டாலர்.

ஏலத்தை ஆதரிப்பவர்களிடம் வாய் கொடுத்தால் உடனே ‘ஸ்னோமேன்’ கதையை எடுத்து நீட்டுவார்கள். 1956 பிப்ரவரி. ஹாரி டெலேயர் என்ற டச்சுக்காரக் குதிரை வாத்தியார் நியூ ஹாலந்துச் சந்தைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தார். ஏலம் முடிந்துவிட்டது. கசாப்புக்கு ஏற்றிய லாரியில் அழுக்குப் படிந்த சாம்பல் நிற உழவுக்குதிரை ஒன்று அவரையே பார்த்தது. 80 டாலருக்கு இறக்கிக்கொண்டார். இரட்டை விலைக்குப் பக்கத்துக்காரருக்கு விற்றும்விட்டார். அது வேலி தாண்டி வேலி தாண்டித் திரும்பி வந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. இரண்டு வருஷத்தில், 1958-இல், தாவுதல் போட்டியில் தேசிய சாம்பியன், 1959-இலும் அதுவே. கேட்கக் கேட்க இனிக்கிற கதைதான், மறுக்கவில்லை. அந்த லாரியில் மிச்சம் நின்ற குதிரைகளைப் பற்றி மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை. டெலேயருக்கு வண்டி டயர் வெடித்து இன்னும் அரை மணி தாமதமாகியிருந்தால் சாம்பியன் தட்டுக்குப் போயிருக்கும். இதை ஏலத்தின் பெருமையாகச் சொல்ல நாக்கில் நரம்பில்லாதவர்களால்தான் முடியும்.

அமெரிக்காக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நமக்குள் ஒரு குளிர்ச்சி பரவுகிறதே, அதையும் கொஞ்சம் கவனித்துவிடலாம். அரசாங்கப் பணத்தில் குதிரை வாங்கப் போய், பரியாக வந்தது ராத்திரியோடு நரியான விளையாட்டைப் புராணமாகவே வைத்திருப்பவர்கள் நாம். புராணத்தை விடுங்கள், வரலாறு சிரிப்பை அடக்கிவிடும். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கும் வேறு துறைமுகங்களுக்கும் கடல் வழியாக ஆண்டுக்கு 10,000 குதிரை வந்தது, ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று எழுதுகிறார் பாரசீகத்து வஸ்ஸாஃப். வழியில் செத்தாலும் அரசுக் கருவூலம் பணம் தந்துவிடும் என்பது ஒப்பந்தம். கீன்லாண்ட் நிபந்தனைகளே கொஞ்சம் இளகிய மனசுக்காரர்கள் எழுதியவை என்று தோன்றும். வந்த குதிரைக்கு வறுத்த தானியத்தில் வெண்ணெய், காய்ச்சிய பால்; அசையவிடாமல் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, அப்படியே ஏறி ஓட்டினார்களாம். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் வருஷக் கடைசியில் பெரும்பாலானவை செத்துவிடும், லாடக்காரர்கள் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. பின்னே? குதிரை உயிரோடு இருந்தால் அடுத்த வருஷம் யாரிடம் விற்பது? இன்றைக்கு உதகையில் சவாரிக் கூட்டம் குறைந்ததும் அவிழ்த்துவிடப்பட்டு, சாலையோரக் குப்பையில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மேயும் குதிரைகளைக் கேட்டால், எழுநூறு வருஷத்தில் நாம் அடைந்த முன்னேற்றத்தைச் சொல்லும்.

குதிரையைக் கசாப்புக்காக ஏற்றுமதி செய்வதைத் தடுக்க அமெரிக்காவில் யாருக்கும் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. 2006 செப்டம்பரில் கீழவை ஒரு மசோதாவை நல்ல பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. மேலவை அதை ஊறப்போட்டுச் சாகடித்தது. 2013 முதல் இன்னொரு மசோதா ‘சேஃப்’ என்ற அழகான பெயரில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது, வந்த வழியே போய்க்கொண்டும் இருக்கிறது. எதிர்க்கிறவர்கள் ஒரு சொல்லை உருட்டுகிறார்கள்: ‘வேண்டாத குதிரை’. வேண்டாத குதிரைகள் பெருகிவிட்டனவாம், வேறு என்ன செய்வதாம். வட அமெரிக்காவில் பந்தய இனத்தில் மட்டும் ஆண்டுக்குப் பல்லாயிரம் குட்டிகளைப் பிறக்க வைக்கிறது யார், சந்தைக்கு வருகிற கூலியாட்களா? ஒரு பெட்டைக்கு விட 2,50,000 டாலர் வாங்குகிற பொலிக்குதிரை நிற்கும் அதே மாநிலத்தில், அதன் வம்சத்துக்குப் புல் வாங்கக் காசில்லை என்று கையை விரிக்கிறார்கள். வேண்டாததாம்!

தகவல் இல்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. 2017 முதல் பிறந்த ஒவ்வொரு பந்தயக் குட்டியின் கழுத்திலும் மைக்ரோசிப் இருக்கிறது. சந்தையில் எலும்பு துருத்தி நிற்கிற குதிரையின் கழுத்தில் கருவியை வைத்தால் அதன் எண் வரும். எண்ணிலிருந்து பெயர் வரும்; பெயரிலிருந்து வளர்த்தவர், வாங்கினவர், விற்றவர் வரை தேடிப் பிடிக்கலாம். அந்த எண்ணை வைத்துப் பந்தயத்தில் ஆள் மாறாட்டக் குதிரையைப் பிடிக்கத் தெரிகிறது. லாரியில் ஏற்றுமுன் அதே எண்ணை வைத்து, சுத்தியல் விழுந்தபோது கை குலுக்கிச் சிரித்த ஒவ்வொரு கனவானிடமும் தீனிச் செலவை வசூல் செய்யுங்கள் என்று ஒரே ஒரு வரி சட்டத்தில் சேர்த்துவிட்டு, மறுநாள் ஏலத்துக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.