பச்சை மை வேண்டிப் பணிவுடன் ஒரு விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய செக்யூர் பூட் அலுவலகத்தார் சமூகத்திற்கு, ஒரு மடிக்கணினியின் உரிமையாளர் என்று அண்மைக்காலம் வரை தம்மைக் கருதியிருந்த பயனர் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதால் விண்டோஸ் 11க்கு மாற முற்பட்ட மேற்படி பயனரை, பிசி ஹெல்த் செக் என்னும் தகுதிச் சோதனைச் செயலி, அவருடைய கணினி செக்யூர் பூட்டை ஆதரித்தாக வேண்டும் என்ற ஒற்றை வரியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டது. புராசசர் தேறியது, நினைவகம் தேறியது, சேமிப்பிடம் தேறியது. முழுப் பணம் கொடுத்து வாங்கியவர் மட்டும் தேறவில்லை.

அலுவலகத்தாரின் திருப்பணி யாவரும் அறிந்ததே. விசையை அழுத்தியதும் முதலில் கண்விழிப்பது, தாய்ப்பலகைச் சில்லில் பதிந்துள்ளதும் பழக்கத்தால் பயாஸ் என்றே வழங்கப்படுவதுமான யூஇஎஃப்ஐ என்னும் ஃபர்ம்வேர் ஆகும்; அது இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடர் நிரலை ஓடவிடும் முன், அந்நிரலில் உள்ள இலக்கமுறைக் கையொப்பம் தன்னிடமுள்ள சான்றிதழ்ப் பட்டியலோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிடில் கதவைச் சாத்துகிறது. அசல் சான்றிதழையே கையில் ஏந்தி நிற்பவரையும், நகலில் கெசட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து இருந்தாலன்றி நம்ப மறுக்கும் மரபில் வளர்ந்தோருக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. 2012இல் விண்டோஸ் 8உடன் பரவத் தொடங்கிய இம்முறையைப் பச்சை மையின் மின்னணு அவதாரம் என்றே கொள்ளலாம். இயங்குதளம் எழுவதற்கு முன்பே புகுந்து அமர்ந்துகொள்ளும் பூட்கிட் என்னும் வகைத் தீநிரல்களைத் தடுக்க இப்படியொரு காவல் தேவை என்பதைப் பயனர் மறுக்கவுமில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. மேற்படி கணினியில் செக்யூர் பூட் இருக்கிறது. இந்தியச் சந்தையில் விலை குறைவதற்காக விண்டோஸ் இன்றி டாஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளில், பழைய பயாஸைப் போலவே நடந்துகொள்ளும் லெகசி முறையில் கடைக்காரர் பின்னர் விண்டோஸை நிறுவித் தருவதுண்டு. அம்முறையில் எழும் கணினியைப் பார்த்த மாத்திரத்தில், விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கம் செக்யூர் பூட்டுக்கு நேரே ‘ஆதரவில்லை’ என்று எழுதிவிடுகிறது. உள்ளே இருப்பதை இல்லையென்று சொல்வது பொய். இந்த ஒரு வரியை நம்பி, இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடிய கணினியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதியதற்குத் தவணை கட்ட நேரும் குடும்பத்துக்கு, அத்தவணையில் ஒரு ரூபாயைக்கூட அலுவலகத்தார் கட்டித் தரப்போவதில்லை. மொழி சற்றுத் தடித்துவிட்டமையைச் சமூகத்தார் பொறுத்தருள வேண்டும். பச்சை மையின் பொலிவு இதனால் குன்றிவிடாது.

அலுவலகத்துக்குள் நுழையும் வழியும் அதன் மாண்புக்கு ஏற்றதே. ஒரு கணினியில் எஃப்2, இன்னொன்றில் எஃப்10, மற்றொன்றில் டெலீட் என விசைகள் மாறும். உள்ளே சென்றால் செக்யூர் பூட் என்ற வரி சாம்பல் நிறத்தில் மங்கி, தொட முடியாதபடி நிற்கக்கூடும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை முதலில் உருவாக்கினால்தான் அவ்வரி உயிர்பெறும் என்பது சில மாதிரிகளின் விதி. லெகசியை அணைத்து யூஇஎஃப்ஐக்கு மாறிய அடுத்த கணம், எழக்கூடிய வட்டு எதுவும் இல்லை என்று கருந்திரை அறிவிக்கும். வட்டில் விண்டோஸ் பத்திரமாகவே இருந்தும், அவ்வட்டு எம்பிஆர் என்னும் பழைய பிரிப்பு முறையில் இருப்பதே இதற்குக் காரணம். அதை ஜிபிடி என்னும் புதிய முறைக்குத் தரவு அழியாமல் மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் 2017இலேயே விண்டோஸ் 10க்குள் வைத்துவிட்டது; அதை ஓட்டிய பிறகே லெகசியை அணைக்க வேண்டும் என்ற வரிசையைச் சோதனைச் செயலி சொல்லியிருந்தால் பாதித் துன்பம் தீர்ந்திருக்கும். ஏற்கெனவே யூஇஎஃப்ஐயில் இயங்கும் கணினியில், பிட்லாக்கர் என்னும் வட்டுப் பூட்டை இடைநிறுத்தாமல் செக்யூர் பூட்டைத் தொட்டவரிடமோ 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். இத்தனையும் கடந்த பின்னரும் ‘இயக்கப்பட்டது, ஆனால் செயலில் இல்லை’ என்ற வேதாந்த நிலை சில கணினிகளில் தோன்றுவதுண்டு. ரீஸ்டோர் ஃபேக்டரி கீஸ் என்ற வரியைத் தேடிப்பிடித்து அழுத்தும் வரை, பச்சை மை புட்டியில் இருக்கும், பேனாவில் இராது.

இவ்வளவு கண்டிப்புள்ள அலுவலகத்தின் சொந்தக் கோப்புகளைப் புரட்டிப் பார்ப்பது அவமதிப்பாகாது என நம்பலாம். பைனார்லி என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்டதும் பிகேஃபெயில் எனப் பெயர்பெற்றதுமான கண்டுபிடிப்பின்படி, நூற்றுக்கணக்கான கணினி மாதிரிகளில் பிளாட்ஃபார்ம் கீ, அதாவது பிற சாவிகளுக்கெல்லாம் அதிகாரம் வழங்கும் தலைமைச் சாவி, ஃபர்ம்வேர் விற்பவர் மாதிரிக்காகக் கொடுத்த சோதனைச் சாவியாகவே இருந்துவந்தது. அதன் சான்றிதழிலேயே ‘நம்ப வேண்டாம்’ என்று பொறிக்கப்பட்டிருந்தது. அதன் இரகசியப் பாதியோ இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியாகியிருந்தது. அதிகாரியின் முத்திரையில் ‘இவரை நம்பாதீர்’ என்றிருந்தும், மை பச்சையாக இருந்தமையால் எந்த எழுத்தரும் அதை வாசித்துப் பார்க்கவில்லை போலும். 2023இல் வெளிப்பட்ட பிளாக்லோட்டஸ் என்னும் பூட்கிட்டின் கதையும் இத்தகையதே: 2022 ஜனவரியிலேயே திருத்தப்பட்டுவிட்ட ஒரு குறையைக் கொண்ட பழைய கோப்புகளை அது உடன் கொண்டுவந்தது, அக்கோப்புகளின் கையொப்பங்கள் இரத்துப் பட்டியலில் சேர்க்கப்படாமல் இருந்ததால் கதவு மரியாதையாகத் திறந்தது. திருடனிடம் பச்சை மை இருந்தது. உரிமையாளரிடம் ரசீது மட்டுமே இருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மைக்ரோசாஃப்ட் எழுதிவைத்துள்ள நிபந்தனைப்படி கணினிக்குச் செக்யூர் பூட்டை இயக்கும் திறன் இருந்தால் போதும், அது இயக்கத்தில் இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆகவே பயனர் கோருவது ஒரு வாக்கியம் மட்டுமே: ‘இக்கணினி லெகசி முறையில் எழுகிறது, வட்டை ஜிபிடிக்கு மாற்றி, யூஇஎஃப்ஐக்கு வந்து மீண்டும் சோதிக்கவும்.’ அவ்வாக்கியத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் வரை, விண்டோஸ் 10க்கு வழங்கப்படும் ஓராண்டுப் பாதுகாப்பு நீட்டிப்பில் அவர் 2026 அக்டோபர் 13 வரை காத்திருப்பார். அலுவலகத்தார் விரைந்து ஆவன செய்வது நலம். ஏனெனில் 2011இல் வழங்கப்பட்ட அலுவலகச் சான்றிதழ்களுள் சில 2026 ஜூனிலும், விண்டோஸ் பூட்லோடருக்குக் கையொப்பமிடும் சான்றிதழ் அதே அக்டோபரிலும் காலாவதியாகின்றன. ஓய்வுபெறும் மாதத்தில் கோப்பில் கையெழுத்திட எந்தக் கெசட்டட் அதிகாரியும் முன்வருவதில்லை.

இங்ஙனம்,
கையொப்பம் சரிபார்க்கப்படாத பயனர்